மழை நாளுக்கு யார் கூலி தருவது?

இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை, பிடித்துவிட்டால் நம் குமரி மாவட்டத்தில் குலசேகரம், திருவட்டார் பக்கத்து ரப்பர் விளைகளில் (தோட்டங்களில்) விடியற்காலை டார்ச் வெளிச்சம் காணாமல் போகும். பால் வெட்டுகிறவர்கள் தலையில் கட்டிக்கொண்டு போகும் வெளிச்சம் அது. மரப்பட்டை நனைந்தால் பால், வெட்டின கோட்டில் இறங்காமல் பட்டை முழுக்க வழிந்துவிடும். சிரட்டையில் விழுவதும் தண்ணீரோடு கலந்து போகும். அதனால் வெட்டு இல்லை. வெட்டு இல்லையென்றால் கூலியும் இல்லை. மரத்துக்கு பிளாஸ்டிக் ஒட்டினால் மழையிலும் வெட்டலாம். ஆனால் ரப்பர் விலை இறங்கிக் கிடக்கும் வருடத்தில் விளைக்காரர்கள் அந்தச் செலவைச் செய்ய யோசிப்பார்கள். போதாததற்கு, தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் நன்றாகப் பெய்கிற மாவட்டம் நம்முடையது. அப்புறம் இலையுதிரும் காலத்தில் மரம் ஓய்வெடுக்கும். வருடத்தில் எத்தனை நாள் சும்மா இருக்க வேண்டியிருக்கிறது என்று எண்ணிப் பார்த்தால் மனசு கனக்கும்.

எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஒரு அண்ணன் இருக்கிறார். இருபது வருடத்துக்கு மேலாக வெட்டுதான் தொழில். போன மழைக்காலத்தில் மகளின் கம்மலைப் பணயம் வைக்க பஸ்ஸுக்கு நின்றவர் என்னிடம் கேட்டார்: "கீரிப்பாறையில அரசு ரப்பர் கம்பெனியில எனக்க மச்சான் வெட்டுகான். அவனுக்கு பி.எஃப். பிடிக்காவ, எல்லாம் உண்டு. எனக்கும் அதே கத்திதான், அதே மரந்தான். எனக்கு ஏன் மக்களே ஒண்ணும் இல்ல?"

சமூகப் பாதுகாப்பு என்றால் என்ன என்று தெரிந்துகொள்ள இதைவிட நல்ல கேள்வி எனக்குக் கிடைக்கவில்லை. அவருக்குச் சொன்ன பதிலைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

பெயர் பெரிதாக இருந்தாலும் விஷயம் சின்னதுதான். கை ஓடாத நாளில் வீடு எப்படி ஓடும் என்பதற்கு ஒரு சமூகம் முன்கூட்டியே செய்துவைக்கும் ஏற்பாடுதான் சமூகப் பாதுகாப்பு. கை ஓடாமல் போகப் பல காரணங்கள் உண்டு. காய்ச்சல் வரலாம். பிரசவம் வரும். வேலையிடத்தில் அடிபடலாம், உடல் ஊனமாகலாம். வயதாகும். சம்பாதிக்கிறவர் இறந்துபோகலாம். இது ஒன்றும் இல்லாமல், உடம்பு நன்றாக இருந்தும் வேலையே கிடைக்காமல் போகலாம். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1952-ல் கொண்டுவந்த 102-வது உடன்படிக்கை இந்த ஏழோடு மருத்துவச் செலவையும் பிள்ளை வளர்க்கும் செலவையும் சேர்த்து ஒன்பதாக வகுத்திருக்கிறது. இன்றைக்கும் எந்த நாட்டின் ஏற்பாட்டையும் இந்த ஒன்பதை வைத்துத்தான் அளக்கிறார்கள்.

சரி, பணம் எங்கிருந்து வரும்? அடிப்படையில் இரண்டு வழி. ஒன்று, வேலை செய்கிறவரும் வேலை கொடுக்கிறவரும் மாதாமாதம் ஒரு பங்கு போட்டு வைப்பது. பங்கு போடுவது எல்லாரும், தேவை வருகிறவர் எடுத்துக்கொள்வார். ஜெர்மனியில் பிஸ்மார்க் காலத்தில், 1883-ல், தொழிலாளர் நோய்க் காப்பீடாகத் தொடங்கிய முறை இது. இரண்டாவது வழி, பங்கு எதுவும் கேட்காமல் அரசு வரிப்பணத்திலிருந்து கொடுப்பது. ரேஷன் அரிசியும் முதியோர் உதவித்தொகையும் இந்த வகை.

முதல் வழிக்கு நம் நாட்டில் இரண்டு பெரிய தூண்கள் உண்டு. 1948-ம் வருடத்துச் சட்டத்தில் வந்த இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் அரசுக் காப்பீடு ஒன்று, 1952-ம் வருடத்துச் சட்டத்தில் வந்த பி.எஃப். என்ற வருங்கால வைப்பு நிதி மற்றொன்று. இ.எஸ்.ஐ.யில் தொழிலாளியின் சம்பளத்தில் 0.75 சதவீதம் பிடிப்பார்கள், முதலாளி 3.25 சதவீதம் போட வேண்டும். அதற்குப் பதிலாகக் குடும்பத்துக்கே சிகிச்சை கிடைக்கும். தொழிலாளி காய்ச்சலில் படுத்தால் வருடத்துக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கையில் வரும். பி.எஃப்.பில் தொழிலாளி 12, முதலாளி 12 சதவீதம்.

இந்த இரண்டிலும் ஒரு ஆள் கட்டாயம் தேவைப்படுகிறார்: முதலாளி. யாரிடம் வேலை செய்கிறோம், என்ன சம்பளம், எத்தனை நாள் வந்தோம் என்பது ஒரு பதிவேட்டில் இருக்க வேண்டும். அதோடு அந்த இடத்தில் இத்தனை பேராவது வேலை செய்ய வேண்டும் என்ற கணக்கும் உண்டு. இ.எஸ்.ஐ.க்குப் பத்துப் பேர், பி.எஃப்.புக்கு இருபது பேர். 1984-ல் தொடங்கிய அரசு ரப்பர் கழகத்துக்குக் கீரிப்பாறை, மணலோடை, சிற்றாறு, கோதையாறு என்று தோட்டங்கள் இருக்கின்றன, பதிவேடு இருக்கிறது, சம்பளப் பட்டியல் இருக்கிறது. ஆகவே மச்சானுக்கு எல்லாம் உண்டு. அண்ணனோ காலையில் ஒருவர் விளையில் நூற்றைம்பது மரம், அப்புறம் இன்னொருவர் விளையில் நூறு மரம் வெட்டுகிறார். அந்த விளைக்காரர்களில் ஒருவர் ஓய்வு பெற்ற வாத்தியார், இன்னொருவர் வெளிநாட்டில் இருக்கிறார். இவர்களில் யார் முதலாளி? யார் பங்கு போடுவது? 1951-ம் வருடத்துத் தோட்டத் தொழிலாளர் சட்டமும் 5 ஹெக்டேருக்குக் குறைந்த நிலத்தைத் தோட்டமாகவே எடுத்துக்கொள்ளவில்லை. நம் மாவட்டத்தில் ஒரு ஏக்கரும் அரை ஏக்கருமாகப் பிரிந்து கிடக்கும் ரப்பர் விளைகளில் அது எங்கே போய் எட்டியிருக்கும்?

முந்திரிக்கொட்டை உடைக்கும் அண்டி ஆபீஸிலும் இதே கதைதான். பெரிய முந்திரி ஆலையில் பேர் பதிந்து வேலை பார்க்கும் அக்காவுக்கு இ.எஸ்.ஐ. அட்டை இருக்கும். அவரே அதே கொட்டையை வீட்டு முற்றத்தில் வைத்துத் தோலுரித்தால் அவருக்கு அட்டை இல்லை. கையும் அதே கைதான், விரலில் ஏறும் கறையும் அதே கறைதான். தொழிலாளியின் உழைப்பைப் பார்க்காமல் வேலையிடத்தின் அளவைப் பார்க்கிற இந்த ஏற்பாடு எனக்கு எப்போதும் அநியாயமாகத்தான் படுகிறது. இப்படி வெளியே நிற்கிறவர்களைத்தான் அமைப்புசாரா தொழிலாளர் என்கிறோம். அவர்கள் ஏதோ ஓரத்தில் இருக்கும் சின்னக் கூட்டம் என்று நினைத்துவிட வேண்டாம். இந்தியாவில் உழைக்கும் பத்துப் பேரில் ஏறக்குறைய ஒன்பது பேர் அவர்கள்தான்.

முதலாளி யாரென்று தெரியாத தொழிலில் பங்கை யாரிடம் வாங்குவது? இதற்கு ஒரு நல்ல விடை கட்டட வேலையில் கிடைத்தது. கொத்தனாரும் அவருக்கு உதவும் கையாளும் இன்று ஒரு வீடு, அடுத்த மாதம் ஒரு கடை என்று மாறிக்கொண்டே இருப்பார்கள். நிலையான முதலாளி கிடையாது. ஆனால் கட்டடம் ஓடிப்போகாதே! அதனால் பங்கைக் கட்டடத்திடமே வாங்கிவிடலாம் என்று யோசித்தார்கள். தமிழ்நாட்டில் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் 1994-ல் வந்தது. நாடு முழுவதற்குமான சட்டம் 1996-ல் வந்தது. கட்டடம் கட்டும் செலவில் ஒரு சதவீதம் வாரியத்துக்கு. இதை செஸ் என்பார்கள். மார்த்தாண்டத்தில் ஒருவர் ஒரு கோடி ரூபாய் செலவில் வணிக வளாகம் கட்டினால் ஒரு லட்சம் ரூபாய், வரைபட அனுமதி வாங்கும்போதே கட்டிவிட வேண்டும். சொந்தக் குடியிருப்பாகச் சின்னதாகக் கட்டும் வீட்டுக்கு விலக்கு உண்டு. அந்தக் கட்டடத்தில் மண் சுமந்த கையாள் யார், டைல்ஸ் ஒட்டியவர் யார் என்று எந்த ஒப்பந்தமும் இல்லாவிட்டாலும், அவர்கள் எல்லாருக்குமான பங்கு வாரியத்துக்கு வந்து சேர்ந்துவிடுகிறது. அந்தப் பணத்திலிருந்து பிள்ளைகளின் படிப்புக்கு, திருமணத்துக்கு, பிரசவத்துக்கு, கண்ணாடிக்கு, விபத்துக்கு, மரணத்துக்கு உதவி தருகிறார்கள். 60 வயதானால் மாத ஓய்வூதியமும் உண்டு. ஆகவே வாரியத்தில் போய் நிற்கும் கொத்தனார் யாரிடமும் கையேந்தி நிற்கவில்லை. அவர் கட்டின கட்டடம் அவருக்காக ஏற்கெனவே கட்டிவிட்ட பணத்தைத்தான் கேட்கிறார்.

இதில் நம் மாவட்டத்துக்கே உரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. செஸ் கட்டடம் நிற்கிற மாநிலத்துக்குத்தான் போகும். களியக்காவிளை தாண்டி தினமும் காலையில் திருவனந்தபுரம் பக்கம் வேலைக்குப் போகும் நம் கொத்தனார் நெய்யாற்றின்கரையில் ஒரு மாடி கட்டினால், அதன் ஒரு சதவீதம் கேரள வாரியத்துக்குச் சேரும். அவர் பேரோ தமிழ்நாட்டு வாரியத்தில் இருக்கும், அல்லது எங்குமே இருக்காது. எல்லையைக் கடந்து உழைக்கும் மாவட்டத்தில் அட்டையும் எல்லையைக் கடக்க வேண்டும். ரேஷனில் அது நடந்துவிட்டது. ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டைத் திட்டத்தால் வேறு மாநிலத்திலும் அரிசி வாங்கலாம். தொழிலாளர் நலனில் இன்னும் நடக்கவில்லை.

கட்டட வேலை அல்லாத மற்றவர்களுக்கு வழிவிட்டது 1982-ம் வருடத்துத் தமிழ்நாடு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம். அதன் கீழ்தான் ஒவ்வொரு தொழிலுக்கும் வாரியங்கள் வந்தன. அக்கானி (பதநீர்) இறக்கும் பனையேறிக்குப் பனைமரத் தொழிலாளர் நல வாரியம் இருக்கிறது. தையல்காரர், முடிதிருத்துவோர், சலவைத் தொழிலாளர், வீட்டுவேலை செய்வோர், சாலையோர வியாபாரிகள், ஆட்டோ ஓட்டுநர் என்று அவரவருக்குத் தனித்தனியாக உண்டு. விவசாயக் கூலிக்கு உழவர் பாதுகாப்புத் திட்டம் இருக்கிறது, அது வருவாய்த் துறையில். மீனவர் நல வாரியம் மீன்வளத் துறையில். வீடுவீடாகச் சாப்பாடு கொண்டுபோகும் பையன்களுக்கும் 2023-ல் தமிழ்நாட்டில் தனி வாரியம் அமைந்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த மத்திய அரசின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, அப்படிப்பட்ட செயலி நிறுவனங்கள் தங்கள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதம் வரை அவர்களின் நலனுக்குத் தர வேண்டும் என்கிறது. கட்டடத்துக்கு செஸ் போட்ட அதே யோசனைதான்: ஆள் மாறலாம், பணம் புரளும் இடம் மாறாது, அங்கே போய்ப் பங்கை வாங்கு.

இவ்வளவும் படித்தால் அண்ணனுக்கும் ஏதோ இருக்கிறது என்று தோன்றும். இருக்கிறது. ஆனால் அவர் கேட்ட கேள்வியைத் திரும்பப் பாருங்கள். மகள் கல்யாணத்துக்கோ, தான் இறந்த பிறகு வீட்டுக்கோ என்ன கிடைக்கும் என்று அவர் கேட்கவில்லை. அவருக்குத் தலைபோகிற பிரச்சினை ஜூன் மாதக் கூலி. வாரியங்கள் ஒன்பதில் பலவற்றைத் தொட்டாலும் வேலை நின்ற நாளின் கூலியை மட்டும் தொடுவதில்லை.

அப்படி ஒன்று கொடுக்க முடியாது என்று யாராவது சொன்னால் நான் கடற்கரையைக் காட்டுவேன். மீன் முட்டையிடும் காலத்தில் தமிழ்நாட்டில் விசைப்படகுகள் 61 நாள் கடலுக்குப் போகக் கூடாது. கிழக்குக் கரைக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்குக் கரைக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஒரே மாவட்டத்தில் இரண்டு தடைக்காலமும் இருப்பது நம்மிடம்தான். சின்னமுட்டத்துப் படகுகள் முதல் கணக்கு. முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணத்துப் படகுகள் இரண்டாவது கணக்கு. இந்த நாட்களுக்கு அரசு ஒவ்வொரு மீனவர் குடும்பத்துக்கும் நிவாரணம் தருகிறது. 5,000 ரூபாயாக இருந்ததை 8,000 ஆக்குவதாக 2023 ஆகஸ்டில் அறிவித்தார்கள். இது தவிர சேமிப்பு நிவாரணத் திட்டம் ஒன்றும் உண்டு. அதில் மீனவர் 1,500 ரூபாய் சேர்த்து வைப்பார், மாநில அரசு 1,500, மத்திய அரசு 1,500 போடும். மொத்தம் 4,500 ரூபாயாகப் மீன்பாடு குறைந்த மாதங்களில் கைக்கு வரும்.

இதை நிவாரணம் என்கிறோம், ஆனால் பாடப்புத்தகத்தில் தேடினால் இதற்கு வேலையின்மைப் பாதுகாப்பு என்று பேர் இருக்கும். சேமிப்புத் திட்டத்தில் பங்கு போடும் வழியும் வரிப்பண வழியும் கைகோத்து நிற்கின்றன. 61 நாளுக்கு 8,000 என்றால் ஒரு நாளைக்கு 131 ரூபாய்தான், ஒரு குடும்பத்துக்கு அது போதாது. ஆனாலும் வழி இருக்கிறது என்பதற்கு அது சாட்சி. கடலில் வேலை நிற்பதற்கு ஒரு தேதி இருக்கிறது, அரசே நிறுத்துகிறது, அதனால் அரசே கொடுக்கிறது. மழைக்குத் தேதி இல்லை என்பது உண்மைதான். ஆனால் ஒரு நாளில் எவ்வளவு மழை பெய்தது என்று மழைமானி சொல்லிவிடும். ஒரு அளவுக்கு மேல் பெய்த நாட்களை எண்ணி, பதிவு செய்த பால்வெட்டுத் தொழிலாளிக்கும் கொத்தனாருக்கும் ஒரு தொகை கொடுப்பது நடக்காத காரியமில்லை என்றுதான் நான் நம்புகிறேன்.

கடற்கரையை விட்டு வருமுன் இன்னொன்று. 2017 நவம்பர் 30-ல் ஒக்கிப் புயல் அடித்தபோது கடலுக்குப் போனவர்களில் பலர் திரும்பவே இல்லை, உடலும் கிடைக்கவில்லை. காணாமல் போனவரைப் பற்றி ஏழு ஆண்டுகள் தகவல் இல்லாவிட்டால்தான் இறந்தவராகக் கொள்ளலாம் என்பது சட்டத்தின் பொதுவிதி. தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை வீடுகள் ஏழு வருடம் காத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அந்த விதியைப் பார்த்துக்கொண்டிருக்காமல் காணாமல் போனவர்களின் குடும்பங்களுக்கும் அரசு 20 லட்சம் ரூபாய் கொடுத்தது. பாதுகாப்பு என்றால் தொகை மட்டும் போதாது, அது வந்து சேரும் காலமும் முக்கியம் என்று நான் புரிந்துகொண்டது அப்போதுதான்.

வேலையே இல்லாதவர்களுக்கு என்ன இருக்கிறது? இ.எஸ்.ஐ.யில் பங்கு போட்டுவந்தவர் வேலையிழந்தால் அடல் பீமித் வியக்தி கல்யாண் என்ற திட்டத்தில் 90 நாள் வரை சராசரிச் சம்பளத்தில் பாதி கிடைக்கும். 2018-ல் வந்த திட்டம். உள்ளே இருந்தவர்களுக்கு மட்டும்தான் இது. படித்துவிட்டு வேலை தேடுகிறவர்களுக்கு வேலைவாய்ப்பு அலுவலகம் வழியாக மாநில அரசின் உதவித்தொகை உண்டு. பதிவு செய்து ஐந்து வருடம் காத்திருக்க வேண்டும், குடும்ப வருமானம் ஆண்டுக்கு 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். பத்தாம் வகுப்பு தேறியவருக்கு மாதம் 300, பன்னிரண்டு முடித்தவருக்கு 400, பட்டதாரிக்கு 600 ரூபாய், அதுவும் மூன்று வருடம்தான். படித்தவர்கள் நிறைந்த இந்த மாவட்டத்தில் 600 ரூபாய் எதற்கு ஆகும் என்று யோசித்துப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. வேலைக்கு விண்ணப்பித்து நேர்காணலுக்குச் சென்னை போய்வரும் செலவுக்கே காணாது.

கிராமத்தில் இருப்பவர்களுக்கு நூறு நாள் வேலை தெரியும். 2005-ம் வருடச் சட்டத்தில் பலருக்கும் தெரியாத ஒரு வரி இருந்தது: வேலை கேட்டு 15 நாளுக்குள் கொடுக்காவிட்டால் முதல் 30 நாளுக்குக் கூலியில் கால் பங்கும், அதற்குப் பிறகு பாதியும் வேலையின்மைப் படியாகக் கொடுக்க வேண்டும். வேலை கேட்டதற்கு ரசீது வாங்கி வைக்காததால் அந்தப் படியைக் கேட்டவர்கள் குறைவு. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 125 நாள் என்று புதிய சட்டம் நிறைவேற்றியது. எந்தச் சட்டமானாலும் வேலை கேட்பதை எழுத்தில் கேளுங்கள்.

முதியோர் உதவித்தொகை தமிழ்நாட்டில் 2023 ஆகஸ்டில் 1,000-லிருந்து 1,200 ரூபாய் ஆனது. களியக்காவிளைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில், அதே மாதிரித் தொகை 1,600 ஆக இருந்து 2025 நவம்பரில் 2,000 ஆனது. கொடுக்க முடியும், முடியாது என்பதெல்லாம் பெரும்பாலும் அரசு எதை முன்னால் வைக்கிறது என்பதைப் பொறுத்ததுதான் என்று எல்லையில் இருக்கிற நமக்குக் கண்முன்னே தெரிகிறது.

இனி செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். இ-ஷ்ரம் அட்டை எடுத்துவிட்டேன், எல்லாம் வந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். இ-ஷ்ரம் 2021 ஆகஸ்டில் அமைப்புசாரா தொழிலாளர்களுக்காக மத்திய அரசு தொடங்கிய பதிவேடு. அதில் 12 இலக்க எண் கிடைக்கும். நல வாரியப் பதிவு மாநில அரசினுடையது, அது வேறு. இரண்டும் இருக்க வேண்டும். வாரியத்தில் 18 முதல் 60 வயதுக்குள் சேர வேண்டும், 60 தாண்டினால் கதவு அடைத்துவிடும். ஓய்வூதியம் வேண்டுமென்று 61 வயதில் அலைகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மத்திய அரசின் ஷ்ரம் யோகி மான்தன் ஓய்வூதியத்துக்கு இன்னும் சீக்கிரம் போக வேண்டும். 18 முதல் 40 வயதுக்குள் சேர்ந்து, வயதைப் பொறுத்து மாதம் 55 முதல் 200 ரூபாய் வரை கட்டினால், அதே அளவை மத்திய அரசும் போட்டு, 60 வயதுக்குப் பிறகு மாதம் 3,000 ரூபாய் தரும். எங்கள் அண்ணனுக்கு அந்த வயது தாண்டிவிட்டது. அவர் மகனுக்குத் தாண்டவில்லை.

வங்கிக் கணக்கு இருந்தால் வருடத்துக்கு 20 ரூபாயில் 2 லட்சம் விபத்துக் காப்பீடும், 436 ரூபாயில் 2 லட்சம் ஆயுள் காப்பீடும் எடுக்கலாம். மரத்தில் ஏறுகிறவரும் சாரத்தில் நிற்கிறவரும் முதலாவதை ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

வாரியத்தில் பதிவு செய்யக் கட்டணம் கிடையாது. எங்கள் ஊரில் ஒருவர் அட்டை வாங்கித் தருகிறேன் என்று ஆளுக்கு 1,500 ரூபாய் வாங்கினார். என் சித்தியும் கொடுத்தார், அட்டை வரவில்லை. பிறகு நாகர்கோவிலில் உள்ள தொழிலாளர் உதவி ஆணையர் அலுவலகத்துக்கு, சமூகப் பாதுகாப்புத் திட்டப் பிரிவுக்கு, நேரில் போய்க் கேட்டுத்தான் எந்த வாரியம், என்ன சான்று என்று தெரிந்துகொண்டோம். ஆதார், ரேஷன் அட்டை, வங்கிப் புத்தகம், தொழில் சான்று எல்லாவற்றிலும் பேர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஒன்றில் இனிஷியல் முன்னாலும் மற்றொன்றில் பின்னாலும் இருந்தாலே திரும்பி வரும். அட்டை கிடைத்த பிறகு புதுப்பிக்கும் தேதியைக் காலண்டரில் குறித்துவையுங்கள். வாரிசு பேர் சரியாக இருக்கிறதா என்று ஒருதடவை பாருங்கள். அப்புறம் அட்டை எந்த டப்பாவில் இருக்கிறது என்று வீட்டில் இன்னொருவருக்கும் காட்டி வையுங்கள்.